அக்காவுக்குக் கோடி எடுத்து வரும் தம்பி

கல்யாணமாகிப் போன பெண் எந்த வயதில் இறந்தாலும் பிறந்த வீட்டுக் கோடி வந்தாக வேண்டும் என்பது நம் வழக்கம். பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் எலப்புள்ளிப் பக்கத்தில், எண்பது வயதுத் தம்பி ஒருவர் புதுச்சேலையை விரித்து அக்காவின் மேல் போர்த்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய உடலுக்குள் அக்காவின் எவ்வளவு பங்கு இன்னும் உயிரோடு இருக்கிறது?

செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் நுண்ணுறுப்பு மைட்டோகாண்ட்ரியா. தமிழில் இழைமணி என்பார்கள். அதற்குத் தனியாக ஒரு குட்டி மரபுச்சுருள் உண்டு. 16,569 எழுத்துகள், அச்சிட்டால் பத்துப் பன்னிரண்டு பக்கம். அப்பாவின் விந்தணு கொண்டுவரும் இழைமணிகளைக் கருமுட்டை அழித்துவிடும். அதனால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் எல்லோருக்கும் அம்மாவின் சுருளே அநேகமாக எழுத்து மாறாமல் வருகிறது.

தம்பியால் அதைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது. அக்காவால் முடியும். ஆக, தாய்மாமனுக்கும் அக்கா பிள்ளைகளுக்கும் ஒரே சுருள். மாமனின் சொந்த மகனுக்கு வேறு சுருள்! இந்த மண்ணின் நாயர் தறவாடு எனும் கூட்டுக்குடும்பங்களில் மாமனின் சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போன மருமக்கத்தாயமும் இதே வழியில்தான் ஓடியது. 1975ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கூட்டுக்குடும்ப முறையை முடித்துவைத்தது. செல்லுக்குள் ஓடும் மருமக்கத்தாயத்தை எந்தச் சட்டமும் தொடவில்லை.

மற்ற மரபணுக்களில் உடன்பிறந்தோர் சரிபாதி பகிர்வதாகச் சொல்வது வெறும் சராசரி. பீட்டர் விஷர் குழுவினர் 2006இல் 4,401 இணைகளை அளந்தபோது, அது 37 சதவீதம் முதல் 62 சதவீதம் வரை இருந்தது. ஒரே வீட்டில் ஒருவர் அக்காவை உரித்து வைத்திருப்பதும், இன்னொருவர் ஒட்டாமல் நிற்பதும் ஓரளவு இதனாலும் இருக்கலாம்.

எனக்கு இதைவிடப் பெரிய வியப்பு நினைவுதான். மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தையது பெரும்பாலும் யாருக்கும் நினைவிருப்பதில்லை. அந்த வருடங்களின் சாட்சி மூத்தவர்களிடம் இருக்கிறது. எலப்புள்ளி அடங்கிய மலம்புழைத் தொகுதிக்கு 2001 முதல் 2021 வரை எம்.எல்.ஏ.வாக இருந்த வி.எஸ். அச்சுதானந்தன் நான்கு வயதில் அம்மாவை இழந்தார், பதினொன்றில் அப்பாவை. ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டு, அண்ணன் கங்காதரனின் தையல்கடைக்குப் போனார். 2025 ஜூலையில், 101 வயதில் மறைந்த அந்த மனிதருக்கு, தன் தாயைப் பற்றிக் கேட்க அண்ணனைவிட நல்ல ஆள் யார் இருந்திருக்க முடியும்? பெற்றோர் போன பிறகு மூத்தவரும் போனால், நம் முதல் மூன்று வருடங்களைப் பார்த்த கண்கள் மூடிவிடுகின்றன. அம்மா அப்பா, கட்டியவர், பெற்ற பிள்ளை எல்லாரையும்விட நீண்ட காலம் நம்மோடு இருப்பவரும் பெரும்பாலும் உடன்பிறந்தவர்தான். ஆனாலும் துக்க வீட்டில் நாம் முதலில் பிள்ளைகளிடம்தான் போகிறோம். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அந்தத் தம்பியிடம் ஒரு வார்த்தை பேச மறந்துவிடுகிறோம்.

அவருடைய மூளைக்குள் என்ன நடக்கிறது? மேரி பிரான்சிஸ் ஓ'கானர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், மார்பகப் புற்றுநோயில் தாயையோ சகோதரியையோ இழந்த 23 பெண்களுக்கு, இறந்தவரின் படத்தைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். எல்லோருக்கும் வலியோடு தொடர்புள்ள பகுதிகள் விழித்தன. துக்கம் ஆறாதவர்களுக்கு மட்டும் கூடவே இன்னொரு பகுதியும் விழித்தது: நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ். பிடித்தது கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் துடிக்கும் மையம் அது. ஏக்கம் எவ்வளவு அதிகமோ, துடிப்பும் அவ்வளவு அதிகம்.