கம்ப்யூட்டர் கண் பரிசோதனை: குழந்தையின் முதல் கண்ணாடிக்கு அது போதுமா?

தர்மபுரி, பென்னாகரம், அரூர், பாலக்கோடு என எந்த ஊர்க் கடைவீதிக்குப் போனாலும், "இங்கு கம்ப்யூட்டர் மூலம் கண் பரிசோதனை செய்யப்படும்" என்ற போர்டைப் பார்க்கலாம். கம்ப்யூட்டர் சொன்னால் தவறே வராது என்ற நம்பிக்கை நம்மவர்களுக்கு உண்டு. நான் சாஃப்ட்வேர் துறையில் இருப்பதால் சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்பார்கள்: "பையனுக்கு போர்டில் எழுதுவது தெரியவில்லையாம். கம்ப்யூட்டரில் மைனஸ் 2 வந்திருக்கிறது. அப்படியே கண்ணாடி போட்டுவிடலாமா?" அவசரப்படாதீர்கள் என்பதே என் பதில்.

இயந்திரம் என்ன செய்கிறது?

இதன் பெயர் ஆட்டோ ரெஃப்ராக்டோமீட்டர். தாடையை வைத்து உள்ளே பார்த்தால் பலூன் அல்லது வீடு போன்ற ஒரு படம் தெரியும். அப்போது இயந்திரம் அகச்சிவப்பு ஒளியை விழித்திரைக்கு அனுப்புகிறது. திரும்பி வரும் ஒளியைக் கணக்கிட்டு, சில விநாடிகளில் சீட்டை அச்சிட்டுத் தருகிறது. 1-ஐ அந்த எண்ணால் வகுத்தால் எத்தனை மீட்டர் வரை தெளிவாகத் தெரியும் என்பது கிடைக்கும். மைனஸ் 1 என்றால் 1 மீட்டர். மைனஸ் 2 என்றால் அரை மீட்டர்.

சிக்கல் எங்கே?

குழந்தையின் கண் லென்ஸ் மிகவும் நெகிழ்வானது. படம் தூரத்தில் இருப்பதுபோல் காட்டினாலும், பெட்டி முகத்தருகே இருப்பதால் கண் கிட்டப் பார்ப்பதுபோல் குவிந்துவிடும். இதனால் மைனஸ் பவர் இருப்பதைவிட அதிகமாக வரலாம். இல்லாத கிட்டப்பார்வைகூட இருப்பதாகக் காட்டலாம். இன்புட் தவறானால் அவுட்புட்டும் தவறுதானே! அந்த எண்ணுக்குக் கண்ணாடி போட்டால், குழந்தையின் கண் நாள் முழுவதும் தேவையில்லாமல் உழைக்கும். தலைவலி, கண்வலி வரும்.

சரியான முறை எது?

கண் மருத்துவர் சைக்ளோபென்டோலேட் அல்லது அட்ரோபின் போன்ற மருந்தைப் போட்டு, குவிக்கும் தசையைத் தற்காலிகமாக ஓய்வெடுக்க வைத்துப் பரிசோதிப்பார். பாப்பா விரிவதால் கூச்சமும் மங்கலும் இருக்கும். சைக்ளோபென்டோலேட் என்றால் ஒரு நாளில் சரியாகிவிடும். அட்ரோபின் என்றால் பல நாட்கள் ஆகலாம். ஆகவே பரீட்சை நேரத்தைத் தவிர்த்துக் கூட்டிச் செல்லுங்கள். மருந்து தெளிந்தபின் லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டு எழுத்துகளைப் படிக்கச் சொல்லி பவரை முடிவு செய்வார்கள். இயந்திரத்தின் எண் இதற்கு ஆரம்பப் புள்ளி மட்டுமே.

"கண்ணாடி போட்டால் பவர் ஏறிவிடும், குறைத்தே கொடுங்கள்" என்று கேட்பதும் தவறு. மலேசியாவில் நடந்து 2002-ல் வெளியான ஆய்வில், பவரைக் குறைத்துக் கொடுத்த குழந்தைகளுக்குத்தான் கிட்டப்பார்வை வேகமாக ஏறியது.

நீங்கள் செய்ய வேண்டியவை

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு உண்டு. பள்ளி மாணவர்களுக்கு இலவசக் கண்ணாடி வழங்க, தமிழக அரசு 2009-ல் "கண்ணொளி காப்போம்" திட்டத்தைத் தொடங்கியது. ஆகவே பள்ளிப் பரிசோதனையில் குறை சொன்னால் அலட்சியம் வேண்டாம். ஆண்டுக்கு ஒரு முறையாவது பவரைச் சரிபாருங்கள். சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் இருந்த குழந்தைகளில் கிட்டப்பார்வை வந்தவர்கள் குறைவு. கம்ப்யூட்டர், செல்போன் நேரத்தைக் குறைத்துப் பிள்ளைகளை வெயில் வெளிச்சத்தில் விளையாட விடுங்கள்.