பிள்ளை பள்ளிக்கூடம் போக மறுக்கிறதா? காரணத்தைக் கேளுங்கள்

இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்த காலத்தைத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். உடன் படித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிராமணப் பிள்ளைகள். அவர்களோடு பழகினால் ஊரைக் கேட்பார்கள், வீட்டைக் கேட்பார்கள், சாதி தெரிந்துவிடும், தெரிந்தால் தாழ்வாக நடத்துவார்கள் என்று அவருக்குப் பயம். அதனால் பள்ளிக்கு வெளியே எங்காவது ஒதுங்கிப் படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் நுழைவார். பின்னாளில் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் உட்கார்ந்து நம் மக்களுக்காக வாதாடிய தலைவர் அவர். அந்த நூல் 1939-ல் வெளிவந்தபோது எண்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். அந்த வயதிலும் பள்ளி நாளின் பயம் அவருக்கு மறக்கவில்லை.

அண்ணல் அம்பேத்கரும் அப்படித்தான். வகுப்பில் தனியே உட்கார வீட்டிலிருந்து கோணிப்பை கொண்டுபோனதையும், பள்ளிப் பணியாளர் திறந்துவிட்டால்தான் குழாய்த் தண்ணீர் கிடைக்கும் என்றிருந்ததையும், உலகமெல்லாம் படித்துத் திரும்பிய பிறகும் ஒன்றுவிடாமல் எழுதினார். பள்ளி வயதில் பட்ட அவமானம் உடம்பில் தழும்பு காட்டாது. உள்ளே தங்கிவிடும்.

இன்று பிள்ளைகளின் மனநலம் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். தேர்வு பயம், செல்போன் மோகம், காதல் தோல்வி என்று காரணங்களை அடுக்குகிறார்கள். இவையெல்லாம் உண்மைதான். ஆனால் நம் தெருப் பிள்ளைகளுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை, பிள்ளைகளும் சொல்வதில்லை.

ஒன்பதாம் வகுப்பில் புதிதாகச் சேரும் பையனிடம் "நீ எந்த ஊரு?" என்று கேட்பார்கள். ஊரைச் சொன்னால், "ஊர்ல எந்தத் தெரு?" என்று அடுத்த கேள்வி வரும். அந்த இரண்டாவது கேள்வி எதற்கு என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். பிறகு பஸ்ஸில் இடம் இருந்தும் நிற்க வேண்டியிருக்கும். கைக்கயிற்றின் நிறம் பார்த்து நட்பு அமையும். கல்வி உதவித்தொகைப் பட்டியலுக்காக வகுப்பு நடுவே "எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்திரிங்க" என்று குரல் வரும். சொன்னவர் அடுத்த நிமிடம் மறந்துவிடுவார். எழுந்து நின்ற பிள்ளை மறக்காது.

நாங்குநேரி சொல்லும் பாடம்

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் 2023 ஆகஸ்ட் 9 இரவு நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. பிளஸ் 2 படித்த பட்டியல் இன மாணவர் ஒருவரை, உடன் படித்த ஆதிக்க சாதி மாணவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது.

அதற்கு முந்தைய நாட்களில் நடந்ததைக் கவனிக்க வேண்டும். தொல்லை தாங்காமல் அந்த மாணவர் பள்ளிக்குப் போவதையே நிறுத்திவிட்டார். ஏன் வரவில்லை என்று பள்ளியில் கேட்டார்கள். கேட்டதால்தான் நடந்தது வெளியே வந்து புகாரும் ஆனது. அதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது. ஆனால் வாய் திறந்த பிள்ளையைக் காக்க ஏற்பாடு இல்லை. அன்றைக்கே இரவில் அரிவாள் வந்தது.

அந்த மாணவர் நீண்ட சிகிச்சைக்குப் பிறகு பிளஸ் 2 தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்றார். அவருடைய மனவுறுதியைப் பாராட்டுவோம். ஆனால் எல்லாப் பிள்ளைகளிடமும் அந்த உறுதியை எதிர்பார்ப்பது பெரியவர்களுக்கு அழகல்ல. பிள்ளையைப் பேச வைக்க வேண்டும். பேசிய பிள்ளையைப் பாதுகாக்கவும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அடுத்த பிள்ளை வாயே திறக்காது.

வீட்டில் எதைக் கவனிப்பது?

பிள்ளைகள் "எனக்கு மனசு சரியில்லை" என்று சொல்ல மாட்டார்கள். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் மட்டும் வயிற்றுவலி, தலைவலி என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த வலி வராது. வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போவார்கள். சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவருவார்கள். தூக்கம் கெடும், மதிப்பெண் திடீரென இறங்கும், தம்பி தங்கையிடம் காரணமில்லாமல் எரிந்து விழுவார்கள். இப்படி இரண்டு வாரம் தொடர்ந்தால், "படிக்கச் சோம்பேறித்தனம்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காத்துக் கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போய் நாளைக் கடத்தவும் வேண்டாம்.

அடித்துக் கேட்டால் பதில் வராது. நாலு பேர் நடுவில் கேட்டாலும் வராது. ஆடு மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதோ, இரவில் பாய் விரித்த பிறகோ, பக்கத்தில் உட்கார்ந்து, "ரெண்டு நாளா நீ சரியாவே சாப்பிடலயேப்பா, யாராவது எதாவது சொன்னாங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை பேச ஆரம்பித்தால் குறுக்கே பேசாதீர்கள். "நாங்க படாததா? பொறுத்துப் போ" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நாம் பொறுத்துப் போனது வேறு வழி தெரியாததால். இன்று வழி இருக்கிறது.

"செத்துப்போகலாம் போல இருக்கு" என்று பிள்ளை ஒருமுறை சொன்னாலும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்படி ஒரு நினைப்பு இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டால் பாரம்தான் இறங்கும். அந்த நேரத்தில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தை வீட்டில் வைக்காதீர்கள். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே கூட்டிப்போவது காய்ச்சலுக்கு ஊசி போடப் போவது போலத்தான், அதில் கேவலம் எதுவும் இல்லை.

புகார் கொடுத்த பிறகு

பலர் பார்க்கச் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதும் இழிவுபடுத்துவதும் 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 2015-ல் அந்தச் சட்டத்தில் 15ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. பாதிக்கப்பட்டவருக்கும் அவரைச் சார்ந்தவர்களுக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்புக் கொடுப்பது அரசின் கடமை என்று அது சொல்கிறது. ஆகவே புகார் மனு எழுதும்போது நடந்ததை மட்டும் எழுதி நிறுத்த வேண்டாம். "என் பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் பாதுகாப்பு வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். மனுவின் நகலையும் ரசீதையும் கையில் வைத்திருங்கள்.

அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் பெரும்பாலானவர்கள் பெற்றோர்கள்தான், பெண்களும் பாதிப் பேர் இருப்பார்கள். கூலி போய்விடுமே என்று நம் தாய்மார்கள் பலர் கூட்டத்துக்குப் போவதில்லை. மாதத்தில் ஒருநாள் போய் உட்காருங்கள். கட்டடம், கழிப்பறை பற்றிப் பேசுகிற அதே கூட்டத்தில், பிள்ளைகள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்றும் கேளுங்கள்.

ஆசிரியர்களுக்கு

நாங்குநேரி சம்பவத்துக்குப் பிறகு தமிழக அரசு அமைத்த நீதியரசர் கே.சந்துரு குழு, 2024 ஜூன் மாதம் முதலமைச்சரிடம் அறிக்கை கொடுத்தது. பள்ளிகளின் பெயரிலிருந்து சாதியை நீக்க வேண்டும், சாதி காட்டும் கைக்கயிறுகளைத் தடை செய்ய வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்பவை அதன் பரிந்துரைகளில் சில. இவற்றில் பலவற்றை ஓர் ஆசிரியர் அரசாணைக்குக் காத்திராமல் நாளைக் காலையிலேயே செய்துவிடலாம். உதவித்தொகை விவரத்தைத் தனியே அழைத்துக் கேட்கலாம். பெஞ்சில் இடத்தை வாரம்தோறும் மாற்றி உட்கார வைக்கலாம். மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்குப் போன் செய்யலாம்.

கயிறு கட்டி வரும் பிள்ளையும் பிள்ளைதான். அந்தக் கையில் கயிற்றைக் கட்டியது யாரோ ஒரு பெரியவர். அந்தப் பிள்ளையின் மனதிலும் விஷம்தான் ஏறியிருக்கிறது. அதை இறக்கும் பொறுப்பும் பள்ளிக்கு உண்டு.

மாணவத் தம்பி, தங்கைகளுக்கு

உங்களை யாராவது இழிவாகப் பேசினால் அது உங்கள் குறை கிடையாது. வெட்கப்பட வேண்டியவர் பேசியவர்தான். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். அம்மாவிடம் சொல்ல முடியாவிட்டால் அத்தையிடம், ஆசிரியரிடம், மாலைநேரப் படிப்பகம் நடத்தும் அண்ணனிடம் சொல்லுங்கள். ஒருவர் கேட்கவில்லை என்றால் அடுத்தவரிடம் போங்கள். என்ன நடந்தது, எந்தத் தேதி, யார் பார்த்தது என்று நோட்டில் எழுதி வையுங்கள். வகுப்பில் ஒருவன் தனியே உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் போய் உட்காருங்கள். அதுவே பெரிய மருந்து.

பேச யாரும் இல்லாத நேரத்தில் போனில் பேசலாம். மனநல ஆலோசனைக்கு 14416. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. சிறார் பாதுகாப்புக்கு 1098. மருத்துவ ஆலோசனைக்கு 104. இந்த நான்கு எண்களையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு வாசித்துக் காட்டி, அவர்கள் போனிலும் பதிந்து கொடுங்கள்.