62 வெற்றி... அப்புறம் நாலே மேட்ச்ல வீட்டுக்கு!

இன்னைக்கு ஐஸ் ஹாக்கி. வட அமெரிக்காவோட என்ஹெச்எல் லீக்ல டாம்பா பே லைட்னிங்னு ஒரு டீம். 2018-19 சீசன்ல 82 ஆட்டத்துல 62 வெற்றி. லீக் சாதனையையே சமன் செஞ்சாங்க. பிளேஆஃப் முதல் சுற்றில் எதிரணி, கடைசி இடத்தைப் பிடிச்சு உள்ளே வந்த கொலம்பஸ். முதல் மேட்ச்ல டாம்பா 3-0 முன்னிலை. அதையே 4-3னு தோத்தாங்க. அடுத்த மூணும் போச்சு. மூட்டை கட்டியாச்சு.

இந்த இடத்துல நானா இருந்தா எல்லாத்தையும் கலைச்சிருப்பேன். ஒருமுறை ஆப் படுத்துருச்சுன்னு மொத்த கோடையும் தூக்கிப் போட்டுட்டு புதுசா எழுதினேன். மூணு மாசம் கழிச்சு அதே பக் புதுசுலயும் வந்து நின்னுச்சு!

டாம்பா அப்படிச் செய்யல. கோச் ஜான் கூப்பர் அப்படியே இருந்தார். ஸ்டாம்கோஸ், குச்செரோவ், ஹெட்மேன், கோலி வசிலெவ்ஸ்கி எல்லாரும் அப்படியே. சம்பளத்துக்கு உச்சவரம்பு இருக்கறதால ஜே.டி. மில்லரை வான்கூவருக்குக் கொடுத்து இடம் பண்ணாங்க. சின்ன ஒப்பந்தத்துல மரூன், ஷாட்டன்கிர்க் வந்தாங்க. 2020 பிப்ரவரியில் கோல்மன், குட்ரோ. முட்டி மோதி பந்தயத்தை இழுத்துப் பிடிக்கிற ஆட்கள்.

2020 முதல் சுற்றில் மறுபடியும் கொலம்பஸ்! முதல் மேட்ச்சே அஞ்சு ஓவர்டைம் போச்சு. இந்தத் தடவை டாம்பா விடல, தொடர் 4-1. அந்த வருஷம் ஸ்டான்லி கோப்பை, 2021லயும் அவங்களுக்கே.

நாலு மேட்ச் தோத்தது நிஜம்தான். ஆனா அந்த 62 வெற்றியும் நிஜம். ரெண்டையும் சேர்த்துப் பார்த்துட்டு முடிவெடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.