கோர்ன் பிளேக்ஸ் சைவமா?

தானியத்தில் செய்தது என்பதற்காக ஒரு காலை உணவில் விலங்குப் பொருள் இல்லை என்று ஆகிவிடாது. கந்த சஷ்டி, கேதார கௌரி விரதம், ஐயப்பன் மாலை, அம்மன் திருவிழாக் காப்பு என்று மச்சம் விலக்கும் காலங்கள் இலங்கையின் கொஸ்லந்தைத் தோட்டங்களில் பல உண்டு. பாலும் தேனும்கூட வேண்டாம் என்று வீகன் உணவுக்கு மாறும் இளைஞர்களும் இன்று இருக்கிறார்கள். பெட்டியின் முன்பக்கத்துச் சோளக்கதிர் படம் இவர்கள் யாருக்கும் உதவாது. பின்பக்கத்துப் பொடி எழுத்து உட்பொருள் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். அந்தப் பட்டியலும் எல்லாவற்றையும் சொல்வதில்லை என்பதுதான் சிக்கல்.

பாலைக் கண்டுபிடிப்பது எளிது. பால்மா, வே பவுடர், கேசின், லக்டோஸ் எல்லாம் பாலிலிருந்து வருபவை. மைலோ போன்ற மால்ட் பானங்களில் பால் சேர்வது வழமை. சீனிப்பூச்சு உள்ள சில வகைகளில் ஜெலட்டின் இருக்கும். அது மாடு, பன்றி போன்றவற்றின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. 120 என்ற எண் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயம், 901 தேன்மெழுகு, 904 அரக்கு. பட்டியலை வாசித்தால் இவை அகப்பட்டுவிடும். அகப்படாதது விற்றமின் டி. டி3 பெரும்பாலும் செம்மறியாட்டு ரோமத்தின் கொழுப்பான லனோலினிலிருந்து தயாராகிறது. டி2 பொதுவாக ஈஸ்ட்டிலிருந்தோ காளானிலிருந்தோ வருகிறது. வெறுமனே 'விற்றமின் டி' என்று அச்சிட்டிருந்தால் வாங்குபவர் எதை வைத்து முடிவு செய்வது? பிரித்தானியாவில் கெலொக்ஸ் நிறுவனம், தன் கோர்ன் பிளேக்ஸில் சேரும் விற்றமின் டி ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து வருவதால் அது வீகன்களுக்கு ஏற்றதல்ல என்று தானாகவே சொல்லியிருக்கிறது. ஆகவே நிறுவனங்களால் சொல்ல முடியாத தகவல் அல்ல இது. தாவர உணவில் பி12 கிடைக்காததால், விற்றமின் சேர்த்த தானிய உணவு வீகன்களுக்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது. அவர்களிடமே விற்றமின் டி எதிலிருந்து வருகிறது என்பதை மறைப்பது நியாயமில்லை.

இந்தியப் பெட்டிகளில் உள்ள பச்சைப் புள்ளி போதாதா என்று கேட்கலாம். விரதம் இருப்பவருக்குப் போதும். பாலும் தேனும் இருந்தாலும் அந்தப் புள்ளி கிடைக்கும் என்பதால் வீகனுக்குப் போதாது. அங்கே 2022இல் வீகன் உணவுக்கென்று தனி ஒழுங்குவிதிகள் வந்தன. அதற்கு முன்பே, 2021 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், ஓர் உட்பொருள் எவ்வளவு சிறிய அளவில் இருந்தாலும் அது தாவரத்திலிருந்து வந்ததா விலங்கிலிருந்து வந்ததா என்பதை வெளிப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. இலங்கையிலும் அதே அளவுகோலைக் கேட்க வேண்டும்.

நாட்சம்பளத்துக்கே போராடும் லயங்களில் இது பெரிய இடத்துப் பேச்சு என்பார்கள். அப்படியல்ல. கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கும் சத்துமாவான திரிபோஷவிலேயே சோளம், சோயாவோடு பால்மாவும் இருக்கிறது. பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 'பால் கலந்திருக்கக்கூடும்' என்ற எச்சரிக்கை ஒரே இயந்திரத்தில் பால் உணவும் தயாராவதைக் குறிக்கும்; வீகன் ஒருவர் அதைப் பொருட்படுத்தாமல் விடலாம், அந்தக் குழந்தையின் தாய் விடக்கூடாது. ஆனால் கொள்கைக்காகத் திரிபோஷவை ஒதுக்கிவிட வேண்டாம். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடளவில் 17.3 வீதம், தோட்டங்களில் 31.7 வீதம். நம் மரபில் பாலும் சைவம்தான். பால் வேண்டாம் என்றால், குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டு, ஈடான சத்தை உறுதிசெய்த பிறகே நிறுத்த வேண்டும்.

உணவின் சேர்மானம் பற்றித் தவறான எண்ணம் தரும் சுட்டுத்துண்டோடு விற்பதை 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் தடைசெய்கிறது. சந்தேகம் வந்தால் முதலில், பெட்டியில் உள்ள முகவரிக்கு எழுதி, விற்றமின் டி எதிலிருந்து வருகிறது என்று கேட்கலாம். 'சைவம்', 'வீகன்' என்று அச்சிட்டுவிட்டுப் பட்டியலில் ஜெலட்டின் இருந்தால், பெட்டியைத் தூக்கி எறியாமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி எழுத்துமூல முறைப்பாட்டை, வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கடைக்காரரிடம் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது அவர் கடமை. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுத அரசியலமைப்பு இடம் தருகிறது.