சுருங்கிக்கொண்டிருக்கும் புதன்

புதன் கோளின் தென்பாதியில் ராமோ என்றொரு வட்டப் பள்ளம் இருக்கிறது. விண்கல் மோதி உண்டானது. விட்டம் சுமார் 60 கிலோமீட்டர். அதன் குறுக்கே ஒரு பாறைச் சரிவு ஓடுகிறது. பள்ளத்தின் தரை பிளந்து, ஒரு பாதி மறு பாதியின் மேல் ஏறி நிற்கிறது. ஆகவே பள்ளம் முந்தியது, சரிவு பிந்தியது. படத்தைப் பார்த்தே வயது வரிசை சொல்லிவிடலாம்.

டிஸ்கவரி ரூப்பீஸ் என்ற இந்தச் சரிவின் நீளம் சுமார் 650 கிலோமீட்டர், உயரம் ஏறக்குறைய 2 கிலோமீட்டர். 1974-75இல் மரைனர் 10 விண்கலம் அனுப்பிய படங்களில் இது தெரியவந்தது. புதனின் சரிவுகளுக்குக் கடலாய்வுக் கப்பல்களின் பெயரை வைப்பது வழக்கம். டிஸ்கவரி கேப்டன் குக்கின் கப்பல். பள்ளங்களுக்கோ கலைஞர்களின் பெயர். திருவையாற்றுத் தியாகராஜருக்கும் அங்கே ஒன்று உண்டு!

புதனின் ஆரத்தில் சுமார் 85 விழுக்காடு இரும்புக் கருவம். அது ஆற ஆறச் சுருங்குகிறது. மேலோடு பூமியைப் போலப் பல தட்டுகளாக இல்லை, ஒரே ஓடு. உள்ளே இடம் குறையும்போது ஓடு நெருக்குண்டு உடைந்து, ஒரு பக்கம் மற்றதன் மேல் ஏறுகிறது. வாடிய பழத்தின் தோல் என்று இதைச் சொல்வார்கள். எனக்கு அந்த உவமை போதவில்லை. தோல் மடியும், இங்கே கிலோமீட்டர் கணக்கான பாறை முறிந்திருக்கிறது.

சரிவின் உயரமும் பிளவின் சாய்வும் தெரிந்தால், தரை எவ்வளவு நெருங்கியது என்று கணக்கிடலாம். எல்லாச் சரிவுகளையும் கூட்டினால் கோள் இழந்த அளவு கிடைக்கும். மரைனர் பார்த்தது பாதிக்கும் குறைவான பரப்பை. அந்தக் கணக்கில் ஆரம் 1 முதல் 3 கிலோமீட்டர்வரை குறைந்திருந்தது. கருவம் ஆறிய அளவுக்கு இது போதாது என்று வெப்பக் கணக்குப் போட்டவர்கள் வாதிட்டார்கள். மெசஞ்சர் விண்கலம் முழுக்கோளையும் படமெடுத்த பிறகு, 2014இல் வந்த ஆய்வு 7 கிலோமீட்டர்வரை என்றது. 2021இல் இன்னொரு ஆய்வு அதை 2 கிலோமீட்டருக்குள் இறக்கியது. எந்த மேட்டைச் சரிவென்று கணக்கில் சேர்ப்பது என்பதில்தான் சண்டையே.

மெசஞ்சர் தன் கடைசி மாதங்களில் மிகத் தாழப் பறந்தபோது, சில பத்து மீட்டர் உயரமே உள்ள குட்டிச் சரிவுகளும் தென்பட்டன. விண்கற்கள் ஓயாமல் மோதும் தரையில் இவ்வளவு சிறியவை நெடுங்காலம் நிலைக்க முடியாது. எனவே அவை அண்மையில் எழுந்தவை. புதன் இன்னும் சுருங்குகிறது. இந்தச் செய்திதான் என்னை மிகவும் ஈர்த்தது.

சரிவுகளின் உயரத்தை மெசஞ்சரின் லேசர் உயரமானி வடபாதியில்தான் நன்றாக அளந்தது. அதன் நீள்வட்டப் பாதையில் தென்பாதி வெகு தொலைவில் போய்விட்டது. 2018இல் கிளம்பிய பெபிகொலம்போ விண்கலம் 2026 நவம்பரில் புதனின் சுற்றுப்பாதையில் நுழையத் திட்டம். அதன் லேசர், டிஸ்கவரி சரிவு இருக்கும் தென்பகுதியையும் அளக்கும்.