எண்ணைக் காப்பதா, ஆட்டத்தை ஆடுவதா?

ஊரில் இருந்தவரை எனக்கென்று தனியாக ஒரு மதிப்பு தேவைப்படவில்லை. கும்பகோணத்தில் எந்தக் கடை வாசலில் நின்றாலும், "அட, இன்னார் பேரனா நீ? உட்காரு" என்பார்கள். தாத்தா சேர்த்து வைத்துவிட்டுப் போன நல்ல பெயரின் வட்டியில் என் காலம் ஓடிக்கொண்டிருந்தது. 1974-இல் ரயில்வே பணிமனையில் வேலை கிடைத்து மைசூருக்கு வந்து, அக்ரஹாரத்தில் ஓர் ஓட்டு வீட்டின் பின்கட்டில் குடியேறிய அன்று அந்தக் கணக்கு முடிந்தது. வாணி விலாஸ் மார்க்கெட் காய்கறிக்காரருக்கு என் தாத்தாவைத் தெரியாது. மளிகைக் கடையில் முதல் மாதச் சாமானுக்குக் கடன் கேட்டபோது, கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஹொஸபரா?" என்றார். புதியவரா என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லில் என் பரம்பரைப் பெருமையெல்லாம் பூஜ்யமாகிவிட்டது. மூன்று மாதம் ஒன்றாம் தேதி தவறாமல் பணம் கொடுத்த பிறகுதான் அவர் என் பெயரை நோட்டில் எழுதினார்.

இந்த மலரைப் படிக்கும் அன்பர்கள் பலருக்கும் இப்படி ஓர் அனுபவம் இருக்கும். ஊர் விட்டு ஊர் வந்தவன் தன் பெயரைப் புதிதாகச் சம்பாதிக்க வேண்டும். அதனால்தானோ என்னவோ, என் பேத்தி சதுரங்கத்தில் சம்பாதித்த ஓர் எண்ணின் மேல் எனக்கு அளவுக்கு மீறிய பாசம் வந்துவிட்டது. அதனால் நேர்ந்த ஒரு தவற்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

1640 என்னும் மந்திரம்

பேத்திக்கு வயது பதினைந்து. ஏழு வயதில் திண்ணையில் நான்தான் காய் நகர்த்தக் கற்றுக் கொடுத்தேன். பத்து வயதில் என்னைத் தோற்கடித்தாள். பிறகு போட்டிகளுக்குப் போகத் தொடங்கினாள். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே, போட்டிகளில் ஆடுகிறவர்களுக்கு ஒரு மதிப்புப் புள்ளி தருகிறது. மாதந்தோறும் பட்டியல் வெளியாகும். சென்ற ஆண்டு அவள் பெயருக்கு எதிரே 1640 என்று வந்தது.

அன்றிலிருந்து அந்த எண்ணை நான் சொல்லாத இடம் இல்லை. பொங்கல் விழாவில் சொன்னேன். ராமானுஜ ரோட்டில் எதிர்ப்பட்ட பழைய சகாக்களிடம் சொன்னேன். சமையலறைக் காலண்டரில் சிவப்பு மையில் எழுதியும் வைத்தேன். "தாத்தா, போதும்" என்று அவள் கூச்சப்பட்டதை நான் அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு போட்டியில் 1440 புள்ளி உள்ள ஒரு சிறுவனிடம் அவள் தோற்றாள். ஒரே ஆட்டத்தில் முப்பது புள்ளி போயிற்று. வீட்டுக்கு வந்தவள் முதலில் காலண்டரைத்தான் பார்த்தாள். அடுத்த போட்டிக்கு இரண்டு வாரம் இருந்தது. கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பத்தில் விளையாட்டுத் தகுதி எழுத ஒரு கட்டம் உண்டு. அவள் அப்பா, அதாவது என் மகன், தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அப்பா, விண்ணப்பம் கொடுக்கிற வரைக்கும் இவ எங்கேயும் ஆட வேண்டாம். இருக்கிறதாவது இருக்கட்டும்."

நானும் "சரிதான்" என்றேன். ஆடாவிட்டால் புள்ளி குறையாது என்பது உண்மை. ஓராண்டு ஒரு போட்டியும் ஆடாதவரைப் பட்டியலில் செயலற்றவர் என்று குறிப்பார்களே தவிர, எண்ணில் கை வைக்க மாட்டார்கள். பேத்தி ஒன்றும் பேசாமல் சதுரங்கப் பலகையை மடித்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள்.

அந்தப் பலகை அங்கே கிடந்த நாட்களில்தான், நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த அந்த எண் உண்மையில் என்ன சொல்கிறது என்று உட்கார்ந்து படித்தேன்.

புள்ளி என்பது பரிசு அல்ல

இந்தக் கணக்கை வகுத்தவர் அர்பாத் எலோ. 1903-இல் ஹங்கேரியில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். மில்வாக்கி நகரில் இயற்பியல் பேராசிரியர். நல்ல சதுரங்க ஆட்டக்காரரும்கூட. அவருடைய முறையை அமெரிக்கச் சதுரங்க அமைப்பு 1960-இலும், ஃபிடே 1970-இலும் ஏற்றுக்கொண்டன. அவரும் பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளை என்று அறிந்தபோது எனக்கு ஒரு தனி ஒட்டுதல் வந்தது.

நான் அதுவரை புள்ளியைப் பரிசு என்று எண்ணியிருந்தேன். வென்றால் கூடும், தோற்றால் குறையும், அவ்வளவுதான் என்பது என் கணக்கு. விஷயம் வேறு. புள்ளி என்பது அடுத்த ஆட்டத்தைப் பற்றிய ஓர் ஊகம். இருவருக்கும் ஒரே புள்ளி என்றால் ஆளுக்குப் பாதி வெற்றியை எதிர்பார்க்கலாம். ஒருவருக்கு 100 புள்ளி அதிகமென்றால் அவர் நூற்றுக்கு 64 பங்கு எடுப்பார் என்பது எதிர்பார்ப்பு. 200 அதிகமென்றால் 76 பங்கு. ஆட்டம் முடிந்ததும், கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கி, புள்ளியைத் திருத்துகிறார்கள்.

அந்தப் பெருக்கும் எண் எல்லோருக்கும் ஒன்றல்ல. புதிதாக வந்தவருக்கும், 2300-ஐ எட்டாத பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்கும் 40. மற்றவர்களுக்கு 20. ஒருமுறை 2400-ஐத் தொட்டவருக்கு 10. இளம்பிள்ளைகளின் திறமை மாதத்துக்கு மாதம் மாறும். ஆகவே அவர்கள் எண்ணும் வேகமாக மாற வேண்டும் என்பதே இதன் நியாயம்.

இப்போது பேத்தியின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். எதிராளி 200 புள்ளி குறைந்தவன். அவளிடம் எதிர்பார்த்தது 0.76, கிடைத்தது பூஜ்யம். 40-ஆல் பெருக்கினால் 30.4 நஷ்டம். அவள் வென்றிருந்தால் 9.6 புள்ளிதான் கூடியிருக்கும். அதே சமயம், தன்னைவிட 200 புள்ளி உயர்ந்தவரிடம் தோற்றால் 9.6 மட்டுமே போகும், வென்றால் 30.4 வரும். ஆக, எண்ணைச் சேர்க்க விரும்புகிறவர் தன்னைவிடப் பெரியவர்களோடு மோத வேண்டும். எண்ணைக் காக்க விரும்புகிறவருக்கோ, சிறியவர்கள் எல்லோரும் பயமாகத் தெரிவார்கள். ஒரே எண் ஒருவரை வீரராகவும் ஆக்குகிறது, கோழையாகவும் ஆக்குகிறது. நாங்கள் பேத்தியை இரண்டாவது வழியில் அனுப்பியிருந்தோம்.

வென்றவர் இழந்த ஆறு புள்ளி

என் கண்ணைத் திறந்தது 2024-ஆம் ஆண்டின் உலகச் சாம்பியன் போட்டி. சிங்கப்பூரில் சீனத்தின் டிங் லிரெனை நம் சென்னைப் பிள்ளை குகேஷ் எதிர்த்து ஆடினார். டிசம்பர் 12-ஆம் தேதி, பதினான்காவது ஆட்டத்தில் வென்று, ஏழரைக்கு ஆறரை என்ற கணக்கில் பட்டம் பெற்றார். பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன். அத்தனை இளம் வயதில் அதற்கு முன் யாரும் மறுப்புக்கு இடமின்றி அப்பட்டம் பெற்றதில்லை. அன்று நம் வீட்டுத் தொலைக்காட்சி முன்னால் நாங்கள் எல்லோரும் கை தட்டினோம்.

ஆனால் புள்ளிக் கணக்கு என்ன சொன்னது தெரியுமா? போட்டி தொடங்கும்போது குகேஷுக்கு 2783, டிங்குக்கு 2728. ஐம்பத்தைந்து புள்ளி வித்தியாசம். அப்படியானால் பதினான்கு ஆட்டங்களில் குகேஷ் எட்டுக்குச் சற்று மேல் எடுக்க வேண்டும் என்பது கணக்கின் எதிர்பார்ப்பு. அவர் எடுத்தது ஏழரை. ஆகவே உலகச் சாம்பியனான குகேஷின் புள்ளி ஆறு குறைந்து 2777 ஆயிற்று. பட்டத்தை இழந்த டிங்கின் புள்ளி ஆறு கூடி 2734 ஆயிற்று!

இதைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். என்னைப் போல் ஒரு தாத்தா அருகில் இருந்து, "குகேஷ், புள்ளி போய்விடும், சிங்கப்பூருக்குப் போகாதே" என்று தடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஏறி இறங்கும் புள்ளி, இறங்காத பட்டம்

புள்ளி வேறு, பட்டம் வேறு. சதுரங்கத்தில் இரண்டும் உண்டு. 2500 புள்ளியை எட்டி, குறிப்பிட்ட தரத்தில் மூன்று போட்டிகளில் சாதித்தவருக்குக் கிராண்ட்மாஸ்டர் பட்டம். பிறகு அவர் புள்ளி எவ்வளவு இறங்கினாலும் பட்டம் வாழ்நாள் முழுதும் நிற்கும். மானுவேல் ஆரோன் 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். விஸ்வநாதன் ஆனந்த் 1988-இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். கர்நாடகத்தின் முதல் கிராண்ட்மாஸ்டர் நம் மைசூர்க்காரர்தான்: எம்.எஸ். தேஜ்குமார், 2017-இல்.

பட்டத்தின் அருமை மைசூருக்குப் புதிதல்ல. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதருக்கு மைசூர் மகாராஜா 'காயக சிகாமணி' என்ற விருதை அளித்தார். நம்மைப் போலவே வெளியூரிலிருந்து இந்த ஊருக்கு வந்தவர் அவர். அந்த விருதை அடுத்த மாதக் கச்சேரியை வைத்து யாரும் குறைக்கவில்லை.

இரண்டும் வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. பட்டம், ஒருவர் எட்டிய உயரத்தை மறக்காமல் வைத்திருக்கிறது. புள்ளி, இன்று அவர் எங்கே நிற்கிறார் என்று சொல்கிறது. பட்டம் மட்டும் இருந்தால் பழம்பெருமையில் தூங்கிவிடுவோம். கும்பகோணத்தில் நான் இருந்தது போல. புள்ளி மட்டும் இருந்தால் ஒரு நாளும் நிம்மதி இராது.

எலோவின் புள்ளியில் இன்னொரு நல்ல குணம் உண்டு. இக்காலத்தில் வாடகை வண்டி ஓட்டுநருக்கும் உணவகத்துக்கும் நட்சத்திரம் கொடுக்கிறோம். அது பிடித்தவர் கொடுக்கும் கைதட்டல். பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டால் ஏற்றவும் முடியும், இறக்கவும் முடியும். சதுரங்கப் புள்ளி யாருடைய அபிப்பிராயத்தையும் கேட்பதில்லை. தாய்மொழி என்ன, எந்தத் தெரு, யார் பேரன் என்று கேட்பதில்லை. பலகையின் எதிரே உட்கார்ந்து என்ன செய்தாய் என்பது மட்டுமே கணக்கு. புதிய ஊரில் புதியவனாக நின்ற எனக்கு இதைவிட நியாயமான அளவுகோல் தெரியாது.

ஆனாலும் அது மனிதர் செய்த அளவுகோல்தான். 2024 மார்ச் மாதம் ஃபிடே, 2000-க்குக் கீழ் இருந்த எல்லோருடைய புள்ளியையும் ஒரே நாளில் உயர்த்தியது. 1500 உள்ளவருக்கு 1700 ஆயிற்று. ராத்திரி படுத்து எழுந்ததில் ஒருவர் ஆட்டமும் மேம்படவில்லை. தராசின் முள்ளைத்தான் திருத்தினார்கள். அப்படிப்பட்ட எண்ணைச் சிவப்பு மையில் எழுதிவைத்துக் கும்பிட்டவன் நான்.

அரசரின் குதிரை

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்தியை அழைத்துக்கொண்டு அரண்மனைப் பக்கம் நடந்தேன். வழியில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரைப் பற்றிச் சொன்னேன். 1868-இல் மறைந்த அவர் பெரிய விளையாட்டுப் பிரியர். அவர் தொகுப்பித்த ஸ்ரீதத்துவநிதியின் ஒன்பது பகுதிகளில் கௌதுகநிதி என்ற ஒன்று விளையாட்டுகளுக்கே உரியது. சதுரங்கக் குதிரை ஒரு கட்டத்தை இருமுறை மிதிக்காமல் அறுபத்து நான்கு கட்டங்களையும் சுற்றி வருவது ஒரு பழைய புதிர். அதற்கு அவர் அமைத்த விடையில், கட்டங்களில் எழுதிய வரிசை எண்களைக் கிடையாகக் கூட்டினாலும் நெடுக்காகக் கூட்டினாலும் ஒரே தொகை வரும்.

"அவருக்கு எத்தனை புள்ளி, தாத்தா?" என்றாள்.

"அந்தக் காலத்தில் புள்ளி ஏதம்மா?"

"அப்புறம் எதுக்கு ஆடினார்?"

எனக்குப் பதில் வரவில்லை. கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவளே சொன்னாள்: "நான் தோத்ததுக்கு அழலை, தாத்தா. நீங்க எல்லார்கிட்டேயும் சொல்லியிருந்தீங்களே, இப்ப அவங்ககிட்ட என்ன சொல்லுவீங்கன்னுதான் அழுதேன்."

எழுபது வயது கடந்தவன் நடுத்தெருவில் நின்று பேத்தியிடம் மன்னிப்புக் கேட்பது சுலபமல்ல. கேட்டேன்.

வீட்டுக்கு வந்து காலண்டர் தாளைக் கிழித்தேன். மகனிடம் பேசினேன். அவன் முதலில் ஒப்பவில்லை. "விண்ணப்பத்துக்கு என்ன செய்யறது?" என்றான். "அன்றைக்கு என்ன எண்ணோ அதை எழுது. அவள் அவ்வளவுதான் என்றால் அவ்வளவுதான், அவள் அதற்கு மேல் என்றால் அது பிறகு தெரியும்" என்றேன். பேத்தியே போய் மேல்தட்டிலிருந்து பலகையை இறக்கினாள்.

அடுத்த போட்டியில் அவள் முதல் ஆட்டத்திலேயே தோற்றாள். பிறகு இரண்டில் வென்றாள். தன்னைவிட மிகவும் உயர்ந்த ஒருவரோடு சமன் செய்தாள். கடைசியில் மறுபடியும் ஒரு சிறு பிள்ளையிடம் தோற்றாள். மொத்தத்தில் புள்ளி இன்னும் கொஞ்சம் இறங்கியது. எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. சமன் செய்த ஆட்டத்தை மட்டும் திண்ணையில் உட்கார்ந்து முதலிலிருந்து ஆடிக்காட்டினாள். பாதி எனக்குப் புரியவில்லை. குதிரையை எங்கே நிறுத்தித் தப்பினாள் என்பது மட்டும் புரிந்தது.

நம் பிள்ளைகள் இந்த ஊரில் மதிப்பெண், தரவரிசை, புள்ளி என்று பல எண்களோடு வளர்கிறார்கள். அவை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. தாத்தா பெயரைச் சொல்லி வாழ்வதைவிட அவை நேர்மையானவை. ஆனால் அந்த எண்ணைச் சம்பாதிப்பவர்கள் அவர்கள். அதை ஊரெல்லாம் சொல்லிச் செலவழிப்பவர்கள் நாம். பொங்கல் விழாவில் என்னைச் சந்திக்கும் அன்பர்கள் பேத்தியின் புள்ளியைக் கேட்க வேண்டாம். அவளோடு ஓர் ஆட்டம் ஆடுங்கள். பலகையை அவளே கொண்டு வருவாள்.