ஞாயிறு விடியற்காலையில் ஓர் ஆட்டம்

வரும் செப்டம்பர் 1, ஞாயிற்றுக்கிழமையன்று விடியற்காலை 5 மணிக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பால்காரர்கூட வந்திராத அந்நேரத்தில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள ஆன் ஆர்பர் நகரில் சனிக்கிழமை மாலை மணி 7.30. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி, கலிபோர்னியாவிலிருந்து வரும் ஃப்ரெஸ்னோ ஸ்டேட் அணியைத் தன் சொந்த மைதானத்தில் எதிர்கொள்ளும். 2024ஆம் ஆண்டுப் பருவத்தின் முதல் ஆட்டம் அது. சென்ற பருவத்தில் ஆடிய 15 ஆட்டங்களிலும் வென்று தேசிய சாம்பியன் பட்டத்தைச் சூடிய அணி, அப்பட்டத்துடன் முதன்முறையாகக் களமிறங்குகிறது. மகிழ்ச்சியோடு காத்திருக்க வேண்டிய நாங்கள் சற்றுக் கலக்கத்தோடுதான் காத்திருக்கிறோம்.

எங்கள் மகள் இளநிலைப் பொறியியல் படிப்பதற்காக அப்பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இரண்டாண்டுகள் ஆகின்றன. கல்விக் கடன் விண்ணப்பத்தில் அதன் பெயரை எழுதிய நாளில், அங்கு இப்படியோர் ஆட்டம் உண்டு என்பதே எங்களுக்குத் தெரியாது. முதல் ஆண்டு இலையுதிர் காலத்தில் அவள் சனிக்கிழமைதோறும் தொலைபேசியை எடுக்கவில்லை. காரணம் கேட்டபோது மைதானத்தில் இருந்ததாகச் சொன்னாள். அவளைப் பார்க்க முடியாவிட்டாலும் அவள் அமர்ந்திருக்கும் மைதானத்தையாவது பார்ப்போமே என்று தொடங்கியதுதான். கடனுக்குத் தவணை தொடங்குமுன்பே எங்கள் கணக்கில் பற்று ஏறிவிட்டது.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். பெயர் கால்பந்து என்றிருந்தாலும் காலுக்கு அதில் வேலை குறைவு. 100 கெஜ நீளக் களத்தில் அணிக்குப் பதினொருவர் நிற்பர். முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடியோ, எறிந்து பிடித்தோ எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடந்தால் 6 புள்ளிகள், அதுவே டச்டவுன். கம்பங்களுக்கிடையே உதைத்தனுப்பினால் 3 புள்ளிகள். அது ஃபீல்டு கோல். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜமாவது முன்னேற வேண்டும். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். பிறர் எல்லைக்குள் நுழைவதும், நுழைந்தவனை மடக்கிப் பிடிப்பதும் கபடியைப் பார்த்து வளர்ந்த கண்களுக்கு விரைவிலேயே பழகிவிடும். விதிகளில் பாதி இன்றும் எங்களுக்குப் புரிவதில்லை. அதனால் பதற்றம் ஏதும் குறைந்துவிடவில்லை.

ஆன் ஆர்பர் பெருநகரன்று. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள் தொகை 1,23,851. அவ்வூர் மைதானத்தின் இருக்கைகளோ 1,07,601. 1975ஆம் ஆண்டு நவம்பர் தொடங்கி, பெருந்தொற்றுக் காலமான 2020 நீங்கலாக, அங்கு நடந்த ஒவ்வோர் ஆட்டத்தையும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கண்டுள்ளனர். மாணவர் அணியொன்றின் ஆட்டத்துக்கு இத்தனை கூட்டமா என்ற வியப்பு எங்களுக்கு இன்னும் அடங்கவில்லை.

அந்த மைதானம் எழுந்த கதை வங்கி வாடிக்கையாளர்களுக்கு உவப்பானது. பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையை அந்நாளில் நடத்தி வந்தவர் ஃபீல்டிங் யோஸ்ட். 1926ஆம் ஆண்டில் அவர் கட்டுமானச் செலவுக்காகக் கடன் பத்திரங்களை வெளியிடச் செய்தார். பத்திரமொன்று 500 டாலர். மொத்தம் 3,000 பத்திரங்கள். வட்டி 3 விழுக்காடு. அந்த வட்டி எவரையும் ஈர்த்துவிடாது என்பதை யோஸ்ட் அறிந்திருக்க வேண்டும். பத்திரம் வாங்குவோருக்கு 1927 முதல் 1936 வரை பத்துப் பருவங்களுக்கு, களத்தின் நடுப்பகுதியை நோக்கிய நல்ல இருக்கைகளுக்கான சீட்டுகளை வாங்கும் உரிமை உண்டென அறிவிக்கப்பட்டது. சீட்டு இலவசமன்று என்பதைக் கவனிக்க வேண்டும். வாங்கும் உரிமை மட்டுமே. ரசிகனின் மனத்தை இதைவிட நன்றாக அறிந்த நிதி ஏற்பாட்டை நாங்கள் கண்டதில்லை. 1927 அக்டோபர் 1 அன்று முதல் ஆட்டம் நடந்தது. ஒஹாயோ வெஸ்லியன் கல்லூரி அணியை மிச்சிகன் 33-0 என்று வென்றது. ஏறத்தாழ 72,000 பேருக்கெனத் திட்டமிட்ட அரங்கின் அடித்தளத்தை, பின்னாளில் ஒரு லட்சம் பேருக்கும் மேல் தாங்கும்படி அவர் அமைத்திருந்தார்.

மைதானத்தின் கணக்கு இப்படியென்றால், பருவத்தின் முதல் ஆட்டத்துக்குப் பின்னும் ஒரு கணக்கு உண்டு. வழக்கமான பருவத்தில் அணி ஆடுவது பன்னிரண்டு ஆட்டங்கள். அவற்றுள் ஒன்பதைக் கூட்டமைப்பு தீர்மானிக்கிறது. எஞ்சிய மூன்றைப் பல்கலைக்கழகமே பேசி முடிக்கலாம். பெரிய பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் பருவத் தொடக்கத்தில், தம்மினும் எளிய அணி ஒன்றைத் தம் மைதானத்துக்கு அழைத்து, வந்து ஆடுவதற்கென்றே ஒரு தொகை கொடுக்கின்றன. அழைப்பவருக்கு நுழைவுச் சீட்டு வருவாயும் ஏறக்குறைய உறுதியான வெற்றியும் கிட்டும். வருபவருக்கு ஆண்டு முழுமைக்கும் உதவும் பணம் கிட்டும். வெளிப்படையாக எவரும் சொல்லாவிடினும், தோற்றுப்போவதற்கான கூலி என்றே அத்தொகையை ஊர் பேசும். ஆயினும் வருகிற அணி தோற்றாக வேண்டும் என்று எந்த ஒப்பந்தமும் கூறுவதில்லை.

2007 செப்டம்பர் 1 அன்று இதே மைதானத்தில் அது மெய்ப்பிக்கப்பட்டது. வட கரோலினா மலைப்பகுதியில் பூன் என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஆப்பலாச்சியன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மிச்சிகன் 4,00,000 டாலர் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தது. அது இரண்டாம் அடுக்குப் போட்டிகளில் ஆடிய அணி. அவ்வடுக்கில் தொடர்ந்து இரண்டாண்டுகள் வாகை சூடியிருந்தாலும், தேசியத் தரவரிசையில் ஐந்தாம் இடத்திலிருந்த மிச்சிகனுக்கு அது ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. இடைவேளையில் வந்தவர்கள் 28-17 என்று முன்னிலையில் இருந்தார்கள். மிச்சிகன் மெல்ல மெல்ல மீண்டது. ஆட்டம் முடிய நாலரை நிமிடங்கள் இருக்கையில் மைக் ஹார்ட் 54 கெஜம் ஓடி 32-31 என்று முன்னிலை பெற்றுத் தந்தார். முடிவுக்கு 26 நொடிகள் இருக்கையில் ஆப்பலாச்சியன் ஸ்டேட் ஒரு ஃபீல்டு கோல் அடித்தது: 34-32. கடைசியாக ஒரு நீண்ட எறிதலில் முன்னேறிய மிச்சிகனுக்கு, 37 கெஜத் தொலைவிலிருந்து உதைத்தால் வெற்றி என்ற நிலை. உதைத்த பந்தைக் கோரி லிஞ்ச் என்ற வீரர் குறுக்கே பாய்ந்து தடுத்துவிட்டார்.

இரண்டாம் அடுக்கு அணியொன்று தரவரிசையில் இடம்பெற்ற முதலடுக்கு அணியை வென்றது அதுவே முதன்முறை. பூனில் மாணவர்கள் தங்கள் மைதானத்துக் கோல் கம்பத்தைப் பெயர்த்தெடுத்து, பல்கலைக்கழகத் தலைவரின் வீட்டு முற்றத்தில் கொண்டுபோய்ப் போட்டார்களாம். மிச்சிகன் அடுத்த வாரமும் ஓரிகனிடம் 39-7 என்று தோற்றது. பயிற்றுநர் லாயிட் கார் அப்பருவத்தோடு ஓய்வு பெற்றார். நாங்கள் ரசிகர்களாவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு நடந்த தோல்வி இது. அந்த நாலு லட்சம் டாலருக்கு ஈடாகத் தோல்வியை வாங்கிய கதையை முதலில் எங்களுக்குச் சொன்னவள் மகள்தான். சொந்தப் பாட்டனார் நிலத்தை இழந்த கதையைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

இனி இவ்வாண்டு. பட்டம் வென்ற அணி இன்று அப்படியே இல்லை. பயிற்றுநர் ஜிம் ஹார்பா தொழில்முறைப் போட்டிகளுக்குத் திரும்பி லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ் அணிக்குச் சென்றுவிட்டார். ஏப்ரலில் நடந்த தொழில்முறை அணிகளின் வீரர் தேர்வில் மிச்சிகன் வீரர்கள் பதின்மூவர் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். அப்பல்கலைக்கழக வரலாற்றில் ஒரே ஆண்டில் இத்தனை பேர் போனதில்லை. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜே.ஜே. மெக்கார்த்தி போய்விட்டார், ஓட்டக்காரர் பிளேக் கோரம் போய்விட்டார், அவர்களுக்கு அரணாக முன்னின்ற வரிசையில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. வைப்புத் தொகை முதிர்ந்ததும் மொத்தமாக எடுத்துச் செலவிட்ட குடும்பத்தின் நிலைதான்: பெருமை இருக்கிறது, இருப்பு குறைவு.

புதிய பயிற்றுநர் ஷெரோன் மூர் முற்றிலும் புதியவரல்லர். சென்ற ஆண்டு ஹார்பா ஒதுங்கியிருக்க நேர்ந்த நான்கு ஆட்டங்களில் பொறுப்பேற்று நான்கிலும் வென்றவர். அவற்றுள் ஒன்று பென் ஸ்டேட் அணிக்கு எதிரானது. அன்று அவர் தொடர்ந்து 32 முறை பந்தை எறியாமல் கையிலேந்தி ஓடவே செய்து, 24-15 என்று முடித்தார். ஆட்டம் முடிந்ததும் தொலைக்காட்சிக்குப் பேட்டி தருகையில் அழுதேவிட்டார். மேரிலாண்டை வென்றபோது அது மிச்சிகனின் 1,000ஆவது வெற்றி. கல்லூரிக் கால்பந்தில் வேறெந்த அணியும் அதுவரை எட்டாத எண். பரம எதிரியான ஒஹாயோ ஸ்டேட்டை 30-24 என்று வீழ்த்தியபோதும் களத்தோரம் நின்றவர் அவரே. இவையனைத்தும் இன்னொருவர் கட்டிய அணியைக் கொண்டு வென்றவை என்று ஐயுறுவோரும் உண்டு. அந்த ஐயத்துக்கு விடை கிடைக்கத் தொடங்கும் நாள்தான் 31ஆம் தேதி.

யார் பந்தை எறிவார் என்பது இதை எழுதும் வரை அறிவிக்கப்படவில்லை. அலெக்ஸ் ஓர்ஜி வலிமையாக ஓடக்கூடியவர். எறிந்து நாங்கள் அதிகம் பார்த்ததில்லை. மற்றவர் டேவிஸ் வாரன். 2019ஆம் ஆண்டு பள்ளியில் படிக்கும்போதே அவருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சிகிச்சை பெற்று மீண்டு, உதவித்தொகை ஏதுமின்றி மிச்சிகன் அணியில் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் வாய்ப்புக்காகக் காத்திருப்பவர். ஆட்ட நுணுக்கம் பார்த்தால் இருவரில் எவர் சிறந்தவர் என்று சொல்லும் தகுதி எங்களுக்கில்லை. ஆயினும் எங்கள் வீட்டு வாக்குகள் அனைத்தும் வாரனுக்கே.

தற்காப்பைப் பற்றிக் கவலையில்லை. இறுதியாட்டத்தில் வாஷிங்டனை 34-13 என்று வென்றபோது தற்காப்பில் சிறந்தவராகத் தேர்வான வில் ஜான்சன் இருக்கிறார். நடுவரிசையில் மேசன் கிரகாமும் கென்னத் கிராண்டும் இரு தூண்களாக நிற்கிறார்கள். தாக்குதலில், அதே இறுதியாட்டத்தின் முதற்பகுதியில் இரண்டு நெடிய ஓட்டங்களால் வாஷிங்டனைத் திகைக்கவைத்த டானவன் எட்வர்ட்ஸ் இருக்கிறார். எறியும் பந்தைப் பிடிக்கக் கோல்ஸ்டன் லவ்லண்ட் இருக்கிறார்.

எதிரணியை எளிதாக எண்ணிவிடலாகாது. ஃப்ரெஸ்னோ ஸ்டேட் சென்ற பருவத்தின் முதல் ஆட்டத்தில், மிச்சிகன் சார்ந்த அதே கூட்டமைப்பின் பர்டூ அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 39-35 என்று வென்றது. அன்று பந்தை எறிந்த மிக்கி கீன்தான் இவ்வாண்டும் எறியப் போகிறார். அவர்களுடைய பயிற்றுநர் ஜெஃப் டெட்ஃபோர்டு உடல்நலம் கருதிக் கடந்த ஜூலையில் விலகிவிட, இடைக்காலப் பொறுப்பை டிம் ஸ்கிப்பர் ஏற்றிருக்கிறார். புதிய பயிற்றுநர்களே இருபுறமும். ஒரு பக்கம் இழக்கப் பட்டமும் பெயரும் உண்டு. மறுபக்கம் இழப்பதற்கு அதிகமில்லை. 2007இலும் நிலைமை அதுவே.

இவ்வாண்டு முதல் தேசியப் பட்டத்துக்கான இறுதிச் சுற்றில் நான்கு அணிகளுக்குப் பதிலாகப் பன்னிரண்டு அணிகள் ஆடவிருக்கின்றன. ஓர் ஆட்டம் தோற்றாலும் பருவம் பாழாகிவிடாது என்று இதைச் சுட்டிச் சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். எங்களுக்கு அந்த ஆறுதல் ஒட்டவில்லை. அடுத்த வாரமே டெக்சாஸ் வருகிறது. பிறகு தெற்குக் கலிபோர்னியா, ஓரிகன். நவம்பர் இறுதியில் ஒஹாயோ ஸ்டேட்டை அதன் ஊரிலேயே சந்திக்க வேண்டும். முதல் ஆட்டத்திலேயே கைப்பொருளை இழப்பவர் இந்தப் பட்டியலை எதைக்கொண்டு சமாளிப்பார்?

கணிப்புச் சொல்லாமல் முடிப்பது ரசிகருக்கு அழகன்று. எறிதல் தடுமாறும், முதற்பாதி எங்களைப் பதறவைக்கும், தற்காப்பு காப்பாற்றும். மிச்சிகன் 27, ஃப்ரெஸ்னோ ஸ்டேட் 13. மகளின் கணிப்பு 38-10. மாணவர் பகுதியில் அமர்ந்திருப்பவர்களுக்குக் கணக்கு எப்போதும் சற்றுக் கூடுதலாகவே வரும்.

டெக்சாஸ் ஆட்டம் நமக்குச் சனிக்கிழமை இரவு 9.30 மணிக்கு, அதற்கு அண்டை வீட்டாரையும் அழைக்கலாம். ஞாயிறு விடியற்காலையில் யாரையும் எழுப்ப முடியாது. நாங்கள் ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு, முந்தைய இரவே இறக்கி வைத்த டிகாக்ஷனுடன், லட்சம் பேரின் மஞ்சள் சட்டைகளுக்கிடையே ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருப்போம்.